சொப்பிங் பையில் நீங்கள் கொண்டுவந்த அலுமினியத் துண்டு

அம்மா,

மகனை அடுத்து எதில் சேர்ப்பது என்று கேட்கச் சனிக்கிழமை நீங்கள் வந்தபோது ஒரு சொப்பிங் பையை என் மேசையில் வைத்து, "இதைப் பாருங்கோ சேர், ஒரு மாதமா இதுக்குப் பின்னாலதான் திரியிறான்" என்றீர்கள். பக்கத்தில் அவனுடைய சாதாரண தரப் பரீட்சை (சா/த) பெறுபேற்றுத் தாள். கணிதத்துக்கு டபிள்யூ, சித்தியில்லை. நாங்கள் அந்தத் தாளைப் பற்றித்தான் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். போகிற அவசரத்தில் பையை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் போன பிறகுதான் உள்ளே இருந்ததை எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். பார்த்த பிறகு, அன்றைக்கு உங்களுக்குச் சொன்னதில் பாதியை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உள்ளே இருந்தது உள்ளங்கை அளவான ஓர் அலுமினிய வளையம். நடுவால் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் போல்ட் போட்டு இறுக்கலாம். விளிம்பைச் சுற்றி 9 துளைகள். உங்கள் கண்ணுக்கு அது பழைய இரும்புக் கடைச் சாமான் மாதிரித் தெரிந்திருக்கும். அது என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறேன்.

கட்டாரில் இருக்கிற அவன் மாமா எடுத்துக் கொடுத்த எஞ்சின் கிட் இருக்கிறதல்லவா, சைக்கிளில் பூட்டுகிற அந்த 2 ஸ்ட்ரோக் எஞ்சின்? அந்த வகைக் கிட்டில் பின்சில்லுக்கு ஒரு பெரிய பற்சில்லு வரும். அதைப் பூட்டச் சொல்லுகிற முறை கொஞ்சம் முரடானது. ஸ்போக் கம்பிகளுக்கு உள்ளேயும் வெளியேயும் ரப்பர் வளையம் வைத்து, 9 போல்ட்டால் கம்பிகளையே நெரித்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் இழுக்கிற இழுவை முழுவதும் அந்த மெல்லிய கம்பிகளில் விழும். கொஞ்ச நாளில் கம்பி முறியும். அதற்கு முன்பே பற்சில்லு நடு விலகி ஆடத் தொடங்கும். ஆடினால் செயின் ஒரு சுற்றில் ஒருதரம் இறுகும், ஒருதரம் தொய்யும். தொய்ந்த செயின் கழன்று சில்லுக்குள் சிக்கினால் ஓடுகிறவன் நிலத்தில்.

இதைத் தவிர்க்க, கம்பியைத் தொடாமல், சில்லின் நடுவில் கம்பிகள் வந்து சேருகிற குடத்தையே இறுக்கிப் பிடிக்கிற வளையத்தை வெளிநாடுகளில் சின்னச் சின்னப் பட்டறைகள் கடைந்து விற்கின்றன. எஞ்சினை பிரேமில் பூட்டுகிற தாங்கி, காபரேட்டருக்குப் போகிற குழாய், சிலிண்டர் தலை என்று இந்தச் சைக்கிள்களுக்காகவே லேத் என்கிற கடைசல் மெஷினிலும், கம்பியூட்டரால் ஓடுகிற சிஎன்சி மெஷினிலும் செய்கிற சாமான்கள் நிறைய. உங்கள் மகன் அப்படியொன்றை வாங்கித் தரச் சொல்லி உங்களை நச்சரிக்கவில்லை. தானே செய்தான்.

திங்கட்கிழமை அந்த வளையத்தைக் கொண்டு, அவன் பின்னேரங்களில் போய் நிற்கிற லேத் கடைக்கே போனேன். வள்ளங்களுக்குச் சாப்ட் என்கிற சுழல்தண்டும், அது உள்ளே சுழலுகிற புஷ்ஷும் கடைகிற கடை. "அங்க கூட்டித் துடைக்கிறான் சேர்" என்று நீங்கள் வேதனைப்பட்டீர்களே, உண்மைதான், கூட்டுகிறான். அதற்குப் பதிலாகக் கடை பூட்டுகிற நேரத்தில் அரை மணித்தியாலம் கடைக்கார பாஸ் அவனுக்கு லேத்தைக் கொடுக்கிறார். பாஸ் வேர்னியர் அளவுகோலை எடுத்து வளையத்தின் உள்விட்டத்தை மூன்று இடத்தில் அளந்தார். மூன்று அளவுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. "இது மூன்றாவது. முதல் ரெண்டும் இங்க கிடக்கு" என்று கழிவுப் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டினார். இரண்டிலும் பிழைத்துப்போன அளவை மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறான் பிள்ளை. இரண்டாவதில், "தகடு வைக்க மறந்துட்டன்" என்றும் எழுதியிருந்தது.

அந்தத் தகடு விஷயத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பாதியையும் வெறுமனே சேர்த்துப் பூட்டித் துளை கடைந்தால், பிறகு குடத்தில் போட்டு இறுக்கும்போது இரண்டு முகமும் ஒன்றையொன்று முட்டி நின்றுவிடும், குடத்தைப் பிடிக்காது. அதனால் கடையும்போது இடையில் மெல்லிய தகடு வைத்துக் கடைவார்கள். பிறகு தகட்டை எடுத்துவிட்டால் அந்த இடைவெளி அளவுக்கு இறுக்கிப் பிடிக்கும். இதை அவன் ஒரு துண்டை வீணாக்கிக் கற்றிருக்கிறான். வீணானதை ஒளிக்காமல், ஏன் வீணானது என்று எழுதியும் வைத்திருக்கிறான். எத்தனையோ பிள்ளைகளோடு இத்தனை வருடம் கதைத்திருக்கிறேன், இந்தப் பழக்கம் உள்ளவர்கள் மிகக் குறைவு.

செவ்வாய்க்கிழமை பையைத் தேடி அவனே வந்தான். கையில் ஒரு சிஆர் கொப்பி. அதில் கணக்கு. எஞ்சினுக்குள்ளே 4.1 மடங்கு வேகக் குறைப்பு, முன்பல் 10, பின்பல் 44, சில்லு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.07 மீற்றர். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால் மணிக்கு 34 கிலோமீற்றர் வரும். பின்பல்லை 36 ஆக்கினால் 42. எல்லாம் சரியாக இருந்தது. கணிதத்தில் டபிள்யூ எடுத்த பிள்ளையின் கணக்கு இது.

36 பல்லுச் சில்லைத் தானே வெட்டப் போகிறானாம். செயின் ஊசிகள் உட்காருகிற வட்டத்தின் விட்டம் 145.7 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தான். "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். இணையத்தில் ஓர் அட்டவணையில் பார்த்தானாம். நான் ஒரு வட்டம் கீறினேன். 360 பாகையை 36 பல்லால் பிரித்தால் 10. அதில் பாதி 5. செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். 12.7ஐ சைன் 5 பாகையால் பிரி என்றேன். கல்குலேட்டரில் 145.7 வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு நான் சொல்லாமலே 44 பல்லுக்குப் போட்டுப் பார்த்தான். 178. "சேர், இது பத்தாம் பதினோராம் ஆண்டில படிச்சதுதானே" என்றான். ஆம், அதே திரிகோணகணிதம்தான். பள்ளிக்கூடத்தில் அது எதற்கு என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சரி, இப்போது என்ன செய்வது?

"மோட்டார் மெக்கானிக் கோர்ஸிலாவது சேர்த்துவிடட்டா" என்று கேட்டீர்கள். அன்றைக்கு நானும் தலையாட்டினேன். அதைத்தான் திரும்பப் பெறுகிறேன். எஞ்சின் என்றாலே மெக்கானிக் என்று நாம் எல்லோரும் நினைத்துவிடுகிறோம். மெக்கானிக்கின் திறமை பழுது எங்கே என்று கண்டுபிடித்து, பழைய பார்ட்ஸைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது. அது மதிப்பான தொழில்தான். உங்கள் மகனுக்கு ஆசை அந்த இடத்தில் இல்லை. எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன், நாலு வார்த்தையில் முடித்துவிட்டான். வளையத்தைப் பற்றிக் கேட்டேன், நிறுத்தவே முடியவில்லை. கடையில் கிடைக்காத பார்ட்ஸை அளவெடுத்துச் செய்கிறவனுக்கு மெஷினிஸ்ட் என்று பெயர். அவனுக்கு லேத், மில்லிங், வரைபடம் வாசித்தல், பிறகு சிஎன்சி, இந்த வரிசையில் பயிற்சி வேண்டும்.

இந்தச் சைக்கிள் சாமான்களை விற்றே பிழைக்கலாம் என்று அவன் சொன்னால் நம்ப வேண்டாம். வாங்குகிற ஆட்கள் திருகோணமலையில் இல்லை. ஆனால் அதே கைக்கு இங்கே வேலை உண்டு. கொட்பே துறைமுகத்தில் நிற்கிற வள்ளங்களைப் பாருங்கள், உப்புத் தண்ணீரில் புஷ்ஷும் சாப்ட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயல் உழுகிற லான்ட்மாஸ்டரும் நெல் ஆலைகளும். சீனக்குடாப் பக்கம் மா ஆலையும் சீமெந்து ஆலையும், வடக்கே புல்மோட்டையில் கனிய மணல். பழைய மெஷினுக்குப் பார்ட்ஸ் வரும் வரை காத்திருந்தால் வேலை நிற்கும், யாரோ ஒருவர் கடைந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். லேத் பாஸ் என்னிடம் சொன்ன குறை, வேலை இல்லை என்பது அல்ல. வேலை பழக ஆள் வருவதில்லை என்பதுதான்.

படிக்கிற வழியைச் சொல்கிறேன். தேசிய தொழிற் தகைமை, எல்லோரும் என்விகியூ என்று சொல்வது, 1 முதல் 7 வரை போகும். 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். இப்போது அவனுக்கு இலக்கு 4. திருகோணமலை தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திலும் இந்த வருடம் இயந்திரக் கடைசல் சம்பந்தமான கோர்ஸ் எடுக்கிறார்களா என்று நேரே போய்க் கேளுங்கள். அரச நிலையங்களில் முழுநேரக் கோர்ஸ்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. நைட்டா என்கிற அரச பயிலுநர் பயிற்சி அதிகாரசபை மூலம் பயிலுநராக ஒரு பட்டறையில் சேர்ந்து, வேலை செய்துகொண்டே சான்றிதழ் எடுக்கிற வழியும் உண்டு. சில வருடம் கடையிலேயே வேலை பழகியவர்களுக்கு, கோர்ஸுக்குப் போகாமல் திறமையை மட்டும் சோதித்து என்விகியூ கொடுக்கிற முறையும் இருக்கிறது. வெளியூருக்கு விட உங்களுக்கு மனம் வந்தால், கிளிநொச்சியில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் நமக்குக் கிட்ட. மொரட்டுவையில் இருக்கிற, 1959இல் தொடங்கிய ஜேர்மன் டெக் பயிற்சி நிறுவனத்தின் பெயரை எந்தப் பட்டறையில் சொன்னாலும் தெரியும். அங்கே போனால் சிங்களமும் கொஞ்சம் வேண்டும், அதைப் பழகுவது நல்லதுதான்.

எங்கே சேர்த்தாலும், விண்ணப்பம் கொடுக்க முதல் ஒருதரம் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். லேத் ஓடுகிறதா, எத்தனை பிள்ளைக்கு ஒரு மெஷின் என்று கேளுங்கள். மெஷின் பழுதாகி, மூன்று மாதமாக லேத்தைக் கரும்பலகையில் படமாகவே பார்த்துவிட்டு வந்த ஒரு பிள்ளை என்னிடம் அழுதிருக்கிறான். அந்த மூன்று மாதத்தை யாராலும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் இருந்து இருக்கிறது, அதை ஏன் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். கணிதம் சித்தியானால் அந்தக் கதவும் திறக்கும். ஆனால் இன்னும் இரண்டு வருடம் கொப்பியோடு மட்டும் உட்காரச் சொன்னால் இந்தப் பிள்ளை வாடிவிடுவான் என்று எனக்குப் படுகிறது. என்விகியூ 5, 6 முடித்தால் இரத்மலானையில் இருக்கிற, யுனிவோடெக் என்கிற தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்குப் பட்டத்துக்கே விண்ணப்பிக்கலாம். கை ஓடிக்கொண்டே மேலே போகிற வழி அது. கணிதத்தை மட்டும் விட முடியாது. அடுத்த சா/தவுக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதட்டும். நல்ல நிலையங்களின் வாசலில் முதலில் கேட்பது கணிதச் சித்தியைத்தான்.

கட்டார் விஷயம். மாமா நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறார். ஆனால் சான்றிதழ் இல்லாமல் போகிற 18 வயதுப் பிள்ளையை ஹெல்பர் என்றுதான் எடுப்பார்கள், ஹெல்பராகவே வைத்திருப்பார்கள். என்விகியூ 4ஐக் கையில் வைத்துக்கொண்டு போகட்டும், நான் தடுக்க மாட்டேன்.

இரண்டு விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒன்று, அந்தச் சைக்கிள் றோட்டுக்கு ஏறக்கூடாது. எஞ்சின் பூட்டிய பிறகு அது சைக்கிள் அல்ல, சட்டப்படி மோட்டார் வாகனம். பதிவும் காப்புறுதியும் சாரதி அனுமதிப்பத்திரமும் இல்லாமல் ஓடினால் பொலிஸ் பிடிக்கும். பொலிஸை விடுங்கள், சைக்கிள் பிரேக் 42 கிலோமீற்றரில் போகிற எஞ்சின் வண்டியை நிலாவெளி வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்தித் தராது. பின்சில்லைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து ஓட்டிப் பார்க்கட்டும். அவனிடம் இதைச் சொல்லிவிட்டேன். முகம் வாடியது, ஆனால் ஒத்துக்கொண்டான்.

மற்றது, அவன் வலக்கை மணிக்கட்டில் கட்டியிருக்கிற கோயில் நூல். பத்திரகாளி அம்மன் கோயிலில் நீங்கள் நேர்ந்து கட்டியது என்றான், அதனால்தான் அவிழ்க்கப் பயப்படுகிறான். சுழல்கிற லேத்தில் ஒரு நூல் சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். கையுறையும் நீளக் கைச் சட்டையும்கூட ஆகாது. நூலை நீங்களே உங்கள் கையால் அவிழ்த்துச் சாமி படத்தடியில் வைத்துவிடுங்கள். நீங்கள் அவிழ்த்தால்தான் அவன் மனம் ஒத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். புது போன் கேட்டால் வேண்டாம், ஒரு நல்ல வேர்னியர் வாங்கலாம்.

அந்தச் சிஆர் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். பிழைத்த இரண்டு வளையத்தையும் லேத் பாஸிடம் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நேர்முகத்துக்குப் போகிற நாளில் மூன்றையும் வரிசையாக மேசையில் வைக்கட்டும்.

பையை அவனிடமே கொடுத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேரும் வாருங்கள். சா/த பெறுபேற்றின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், அத்தோடு பழைய கணித வினாத்தாள் ஒன்று. வட்டமும் திரிகோணகணிதமும் வருகிற கேள்விகளில் இருந்து அவனோடு நானே தொடங்குகிறேன்.