எண்ணெய் மேலே வர மறுத்தால்: கேள்வி பதில்

ராணிப்பேட்டைப் பக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை பார்க்கிறேன். எண்ணெய் கலந்த தண்ணீர் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

காட்பாடி, வாட்டர் சர்வீஸ் ஷெட்: அண்ணா, வண்டி கழுவின தண்ணீர் தொட்டியில் ராத்திரி முழுக்க நின்றும் எண்ணெய் பிரியவில்லை. தொட்டியைப் பெரிதாகக் கட்டணுமா?

கொத்தனாரைக் கூப்பிடாதீங்க. பள்ளத்திலிருந்து தொட்டிக்கு எதை வைத்து ஏற்றுகிறீர்கள்? சென்ட்ரிஃபியூகல் பம்ப் என்றால் வில்லன் அதுதான். அதனுள் வேகமாகச் சுழலும் இறக்கைச் சக்கரம் (இம்பெல்லர்) எண்ணெய்த் துளியை அடித்து நொறுக்கிவிடும். 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி ஒரு மீட்டர் உயர சுமார் 20 நிமிடம் போதும். அதுவே 10 மைக்ரான் ஆனால் 34 மணி நேரம். துளி பத்தில் ஒன்றாகச் சிறுத்தால் நேரம் நூறு மடங்கு ஆகிறது, ஸ்டோக்ஸ் விதி அப்படி. இதற்கு எத்தனை தொட்டி கட்டுவீர்கள்?

பம்புக்கு முன்னால் ஒரு பாட்டில், பின்னால் ஒரு பாட்டில் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். முதல் பாட்டிலில் மேலே கறுப்புப் பட்டை நின்று, இரண்டாவது நீர்மோர் மாதிரி கலங்கியே இருந்தால் சந்தேகமே வேண்டாம். சரிவு இருந்தால் தண்ணீரைத் தானாக ஓடவிடுங்கள். இல்லையென்றால் ஸ்க்ரூ பம்ப். வால்வைப் பாதி மூடி ஓட்டுவதும் துளியை உடைக்கும். இரண்டு பாட்டிலுமே கலங்கியிருந்தால் சோப்புத் தூளைச் சந்தேகப்படுங்கள். முதலில் அதைக் குறையுங்கள்.

வேலூர், பொறியியல் மாணவர்: சார், தொட்டியே இல்லாமல் குழாயிலேயே பிரிக்க முடியுமா?

முடியும் தம்பி. படுக்கைக் குழாயை அகலமாக்கி வேகத்தைக் குறைத்தால் எண்ணெய் மேலடுக்கு, தண்ணீர் கீழடுக்கு. T வடிவ இணைப்பு வைத்துத் தனித்தனியாக எடுக்கலாம். வேகம் கூடினால் அடுக்கு கலைந்துவிடும். பிரேசிலின் மார்லிம் எண்ணெய் வயலில் பெட்ரோபிராஸ் நிறுவனம் கடலடியிலேயே குழாய் வடிவப் பிரிப்பானை வைத்தது.

ஆற்காடு: மேலே வழித்த எண்ணெயை என்ன செய்ய?

டிரம்மில் மூடி வையுங்கள், உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் கொடுங்கள். ஓடையில் ஊற்றினால் பாலாற்றுக்குத்தான் போகும்.

வாணியம்பாடி, டேனரி: ஃபேட் லிக்கர் தண்ணீருக்கும் இதே வழிதானா?

இல்லை பாய். அது தோலை மிருதுவாக்கப் போடுவது, தண்ணீரோடு கலக்கவேண்டும் என்றே செய்த எண்ணெய். குழாயை எப்படி மாற்றினாலும் பிரியாது. அமிலம் விட்டு பிஹெச்சைக் குறைத்து, படிகாரம் போட்டு உடைக்கணும். அப்புறம் நுண்குமிழிக் காற்றில் மிதக்கவிட்டு வழிக்கணும். ஆனால் தோலின் முடி நீக்கும் சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீர் ஒரு வாளிகூட அதில் சேரக்கூடாது. சுண்ணாம்புத் தண்ணீரில் சல்பைடு இருக்கும். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பி ஆளையே கொல்லும். இரண்டுக்கும் வாய்க்கால் தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அமிலக் கேனைத் திறங்கள்.