கொலம்பியா ஆற்றோரம் குடிவரப்போகும் தம்பிக்கு

தம்பி, டல்லாஸை விட்டு வாஷிங்டன் மாநிலத்து ஒயிட் சால்மனுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவிக்கு இங்குள்ள சின்ன மருத்துவமனையில் வேலை, உங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. குளிர் தாங்குமா, சனி ஞாயிறு என்ன செய்வது, நம் ஆட்கள் இல்லாத ஊரில் மனசு ஒட்டுமா என்பவை உங்கள் கேள்விகள். இங்கே பல வருடமாகக் குடும்பம் நடத்துகிறவளாகச் சொல்கிறேன்: குளிரை விடுங்கள், காற்றைப் பற்றிக் கேளுங்கள். எந்த நாளில் என்ன செய்யலாம் என்பதை இங்கே காற்றுதான் முடிவு செய்கிறது.

பொள்ளாச்சிக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். மேற்குத்தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் எப்படியோ, காஸ்கேட் மலைத்தொடரில் கொலம்பியா கார்ஜ் என்ற இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு அப்படி. சுமார் 80 மைல் நீளத்துக்கு ஆறு மலையை அறுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட கடல்மட்டத்திலேயே ஓடுகிறது. மேற்கே கடல்காற்றும் மழையும், கிழக்கே வறண்ட மேட்டுநிலம். மேற்கே காஸ்கேட் லாக்ஸில் வருடத்துக்கு 75 அங்குல மழை. 20 மைல் தள்ளி நமக்கு எதிரே ஓரிகன் மாநிலக் கரையில் இருக்கும் ஹூட் ரிவர் ஊரில் 30 அங்குலம். இன்னும் 20 மைல் போனால் த டாலஸில் 14 அங்குலம்தான். கிழக்கே கோல்டன்டேல் பக்கம் போனால் உடுமலை ஞாபகம் வரும், மேடு முழுக்கக் காற்றாலைகள்.

கோடையில் கிழக்கே நிலம் சூடேற, மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று இந்த இடுக்கு வழியாகப் பாயும். மணிக்கு 20, 30 மைல் வேகம் சாதாரணம். ஆறு மேற்கே கடலை நோக்கி ஓட, காற்று அதற்கு எதிராகக் கிழக்கே அடிப்பதால் தண்ணீரில் பெரிய அலை எழும். காற்று கிழக்கே தள்ளினாலும் ஆற்றோட்டம் திரும்பக் கொண்டுவந்துவிடும் என்பதால்தான் விண்ட்சர்ஃபிங்காரர்கள், அதாவது பாய் கட்டிய பலகையில் அலைமேல் சறுக்குகிறவர்கள், உலகமெங்கும் இருந்து ஹூட் ரிவருக்கு வருகிறார்கள். உங்களுக்கு அது தேவைப்படாமல் போகலாம். ஆனால் குழந்தையோடு வெளியே போவதென்றால் காலையிலேயே போய் வந்துவிடுங்கள். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் காற்று ஏறும்.

குளிர்காலத்தில் திசை மாறிவிடும். கிழக்கே தேங்கி நிற்கும் உறைகுளிர் மேற்கு நோக்கி வழியும். அதன் மேல் பசிபிக் மழை வந்து விழுந்தால் சாலை, மரம், மின்கம்பி எல்லாம் பனிக்கட்டியால் மூடிக்கொள்ளும். அந்த நாட்களில் பக்கத்துப் பெருநகரமான போர்ட்லண்டுக்குப் போகும் ஐ-84 நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். வீட்டில் ஒரு வாரத்துக்கு அரிசி, பருப்பு, மருந்து, டார்ச் லைட் இருக்க வேண்டும். மற்றபடி பூஜ்யத்தை ஒட்டிய குளிர்தான், நல்ல ஜாக்கெட் போதும். டிசம்பரில் நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதுதான் புதிதாக வருகிறவர்களை வாட்டுகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரைமணி நேரம் வெளியே நடந்துவிடுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுத்தீப் புகை வரும் வருடங்களும் உண்டு. 2017-ல் ஒரு சிறுவன் வீசிய பட்டாசில் பற்றிய ஈகிள் கிரீக் தீ, ஆற்றைத் தாண்டி வாஷிங்டன் கரையிலும் விழுந்தது. குழந்தைக்கு ஆஸ்துமா இருந்தால் இதை முதலில் யோசியுங்கள். இல்லையென்றாலும் வீட்டுக்கு ஒரு காற்று வடிகட்டி வாங்கிவிடுங்கள்.

சனி ஞாயிறு பற்றிக் கேட்டீர்களே, அதற்குப் பஞ்சமே இல்லை. கேத்தரின் கிரீக்கில் தார் போட்ட சின்னப் பாதை இருக்கிறது, குழந்தை வண்டியையே தள்ளிக்கொண்டு போகலாம். பிப்ரவரி கடைசியிலேயே காட்டுப்பூ எட்டிப்பார்க்கும். மே மாதம் டாக் மவுண்டன் முழுக்க மஞ்சள் பூ. சீசனில் வார இறுதிக்கு முன்கூட்டியே பெர்மிட் எடுக்க வேண்டும், ஏற்றமும் கடுமை, மகள் கொஞ்சம் வளரட்டும். வசந்தத்திலிருந்தே உண்ணியும், தோலில் பட்டால் கொப்புளம் போடும் பாய்சன் ஓக் செடியும் உண்டு. நடந்துவிட்டு வந்ததும் குழந்தையின் காது மடல், கழுத்து எல்லாம் பாருங்கள்.

ஒயிட் சால்மன் ஆற்றில் ரப்பர் படகில் ராஃப்டிங் போகலாம். 2011-ல் அதன் குறுக்கே இருந்த காண்டிட் அணையை உடைத்துத் திறந்துவிட்டார்கள், இப்போது சால்மன் மீன் மேலே ஏறி வருகிறது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பெருமையான விஷயம் இது. ஆனால் தம்பி, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், ஆற்றில் குளித்து வளர்ந்தவர்கள்தானே என்று எந்த ஆற்றிலும் சும்மா இறங்காதீர்கள். வெளியே 35 டிகிரி வெயிலடித்தாலும் இந்தத் தண்ணீர் பனி உருகி வருவது. குதித்த நொடியில் மூச்சு திணறும், கைகால் மரத்துப்போகும், நீச்சல் தெரிந்தவருக்கும் இதுதான் கதி. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் குழந்தையைக் கரையோரம்கூட விடாதீர்கள்.

மீன் குழம்புப் பிரியர் என்றால் இலையுதிர் காலத்தில் காஸ்கேட் லாக்ஸ் பாலத்தடிக்குப் போங்கள். அமெரிக்க அரசோடு செய்த 1855 ஒப்பந்தப்படி மீன்பிடி உரிமை உள்ள பழங்குடியினர் அன்று பிடித்த சால்மனை அங்கே விற்பார்கள். த டாலஸ் அணை கட்டியதில் 1957-ல் அவர்களுடைய செலிலோ அருவியே தண்ணீருக்குள் போய்விட்டது. இந்த ஆற்றோரம் வாழவந்த நாம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மவுண்ட் ஆடம்ஸ் பக்கம் ஹக்கிள்பெரி என்ற காட்டுப்பழம் பறிக்கப் போனாலும், சாடூத் வயலில் அவர்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

குடித்தனம் நடத்துவதில்தான் சிக்கல். 1986-ல் இந்தப் பள்ளத்தாக்கைத் தேசிய இயற்கை எழில் பகுதி ஆக்கியதிலிருந்து ஊர் எல்லைக்கு வெளியே நினைத்தபடி வீடு கட்ட முடியாது. அழகு காப்பாற்றப்பட்டது, வாடகை ஏறிவிட்டது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் வீடு தேடுங்கள். குழந்தைகள் காப்பகத்துக்கும் காத்திருப்புப் பட்டியல்தான், இன்றைக்கே பெயர் கொடுத்துவிடுங்கள். சம்பளத்துக்கு மாநில வருமான வரி டெக்சாஸ் போலவே இங்கும் இல்லை. ஹூட் ரிவர் பாலம் தாண்டி ஓரிகன் போனால் விற்பனை வரி இல்லை, ஆனால் 1924-ல் கட்டிய அந்தக் குறுகலான பாலத்துக்குச் சுங்கம் உண்டு, நடந்து போகவும் முடியாது. கீழே ஆற்றோரம் பிங்கனில் வீடு பார்த்தால் இரவில் சரக்கு ரயிலின் ஹாரன் கேட்கும்; மேட்டில் பாருங்கள்.

மளிகைக்கு மாதம் ஒரு முறை போர்ட்லண்டைத் தாண்டி பீவர்டன் போய் வருவோம், ஒருவழிக்கு ஒன்றரை மணி நேரம். கோயிலையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். பச்சை மிளகாய், கொத்தமல்லி, புளி எல்லாம் ஹூட் ரிவர் மெக்சிகன் கடைகளிலேயே கிடைக்கும். அங்கே பேரிக்காய்த் தோட்டங்களை நம்பி வாழும் மெக்சிகோ குடும்பங்கள் நிறைய. நமக்கு முதலில் நெருங்குகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். தமிழ்ப் பேச்சு வேண்டுமென்றால் மகளுக்கு நீங்கள்தான் வீட்டில் பேச வேண்டும்.

ஒரு முறை வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஜூலையில் வராதீர்கள், அப்போது யாருக்கும் இந்த ஊர் பிடிக்கும். ஜனவரியில் நான்கு நாள் தங்குங்கள். அப்போதும் இருவருக்கும் பிடித்திருந்தால் வாருங்கள். வந்தபின் ஒரு வருடம் முழுக்க வாடகையில் இருந்துவிட்டு, வீட்டுக் காப்பீட்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, அப்புறம் வீடு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.