‘அங்கிட்டு’, ‘எம்புட்டு’ என்று பேசினால் தமிழ் கெட்டுவிடுமா?

கேள்வி: திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பு. ‘அங்கிட்டு’, ‘எம்புட்டு’, ‘ஒசரம்’, ‘வையுறாங்க’ என்று பேசுவதால் வகுப்பில் கேலி செய்கிறார்களாம். வீட்டில் ‘நல்ல தமிழ்’ பேசிப் பழக்குங்கள் என்று டியூஷன் எடுப்பவர் சொல்கிறார். கட்டுரையிலும் எழுத்துப்பிழை நிறைய வருகிறது. என் மாமியார் இப்போதெல்லாம் பேத்தியிடம் வாயைத் திறக்கவே யோசிக்கிறார். நாங்கள் எல்லோரும் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பதில்: முதல் வேலையாக உங்கள் மாமியாரைப் பழையபடி பேசச் சொல்லுங்கள். வீட்டுப் பேச்சை மாற்ற வேண்டாம். மாற்றினாலும் கட்டுரையில் மதிப்பெண் கூடப்போவதில்லை. கேலி ஒரு பிரச்சினை, எழுத்துப்பிழை வேறொரு பிரச்சினை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பாடப்புத்தகத் தமிழை யாரும் வீட்டில் பேசுவதில்லை. சென்னையிலும் இல்லை, தஞ்சாவூரிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று போனில் யாராவது சொன்னால் நாடக ஒத்திகையோ என்றுதான் நினைப்போம். உங்கள் ஊரில் அது ‘வந்துக்கிட்டு இருக்கேன்’. இன்னொரு ஊரில் ‘வந்துட்டு இருக்கேன்’. எழுத்துத் தமிழ் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொள்வது, டியூஷன் ஆசிரியரின் பிள்ளை உட்பட. மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசிவிட்டுத் தமிழில் நன்றாக எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! வீட்டுப் பேச்சு எழுத்துக்கு எதிரி என்றால் இது நடக்கவே முடியாது.

அப்படியானால் எது சரியான தமிழ், அதை யார் முடிவு செய்தார்கள்? தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிறது. நான்குமே செய்யுளுக்கு உரியவை என்றும் சொல்கிறது. திசைச்சொல் என்பது அந்தந்த வட்டாரத்தின் சொல். பூழிநாட்டார் நாயை ‘ஞமலி’ என்பார்கள் என்று பழைய உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். அந்த ஞமலி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. வட்டாரச் சொல்லைப் பிழை என்று சிவப்பு மையால் சுழிப்பது தொல்காப்பியர் வழி இல்லை.

இதில் மதுரைக்காரர்கள் ரசிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. செந்தமிழ் நிலம் எது என்பதற்குப் பழைய உரைகளில் ஓர் எல்லை சொல்லப்படுகிறது: வையை ஆற்றுக்கு வடக்கு, மருத யாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு. மீனாட்சியம்மன் கோயில் இருப்பதோ வைகையின் தென்கரையில். அந்தக் கணக்குப்படி வடகரைக் கோரிப்பாளையம் செந்தமிழ் நிலம், கோயிலைச் சுற்றிய சித்திரை வீதி அதற்கு வெளியே! இந்த எல்லையை ஒப்புக்கொள்ளாத உரைகாரரும் உண்டு. கோடு போடுகிறவர் மாறினால் கோடும் மாறும் என்பதற்காகச் சொன்னேன்.

வெளிநாடுகளிலும் இந்தக் கதைதான். பிரான்சில் பாரிஸ் வட்டாரப் பேச்சு நாட்டு மொழியானது. 1794இல் கிரகோர் என்ற பாதிரியார் புரட்சி அரசின் பேரவைக்குக் கொடுத்த அறிக்கையில், பிரெஞ்சைச் சரளமாகப் பேசுவோர் சுமார் 30 லட்சம் பேர்தான், அறவே தெரியாதவர்கள் குறைந்தது 60 லட்சம் என்று எழுதினார். மற்ற பேச்சுகளைப் பள்ளிக்கூடமும் பட்டாளமும் அடக்கி வைத்தன. இந்தோனேசியாவில் வேறு மாதிரி. அங்கே அதிகம் பேர் பேசியது ஜாவா மொழி. ஆனால் 1928இல் இளைஞர் மாநாடு ஒற்றுமை மொழியாக மலாய் மொழியை எடுத்துக்கொண்டது. தீவுக்குத் தீவு வியாபாரத்தில் அது ஏற்கெனவே புழங்கியதே காரணம்.

தமிழின் எழுத்து நடை எந்த ஊர்ப் பேச்சிலிருந்தும் அப்படியே எடுத்தது அல்ல. பழைய இலக்கிய மொழி, நன்னூல் போன்ற இலக்கணங்கள், அப்புறம் அச்சு, பாடநூல், செய்தித்தாள் என்று சேர்ந்து உருவானது. அதனால்தான் மேலூரில் எழுதியதைக் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் தடுமாறாமல் படிக்கிறார்கள். இந்தப் பயன் பெரியது. எழுத்துத் தமிழை மகள் நன்றாகக் கற்கத்தான் வேண்டும். ஆனால் பேச்சுக்கு இலக்கணமே கிடையாது என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே செந்தமிழுக்கு ஒன்று, பேச்சுவழக்குக்கு ஒன்று என்று தனித்தனி இலக்கணம் எழுதினார்.

இனி உங்கள் மகளின் சொற்கள். ‘வையுறாங்க’ அசல் பழந்தமிழ். வை, வைதல் என்றால் ஏசுதல். ‘வைதோரைக் கூட வையாதே’ என்பது சித்தர் பாட்டு. ‘அம்மா வைதாள்’ என்று கட்டுரையில் தாராளமாக எழுதலாம். யாராவது சுழித்தால் அகராதியைக் காட்டுங்கள்.

‘ஒசரம்’ சுவையான கேஸ். உயரம் கெட்டு ஒசரம் ஆனது, உயிர் கெட்டு உசிரு ஆனது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் உயிருக்குக் கன்னடத்தில் ‘உசிரு’, தெலுங்கில் ‘உசுரு’. அக்கா தங்கை மொழிகளில் ‘ச’ இருக்கும்போது, ‘ய’தான் மூலம், ‘ச’ கொச்சை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ‘ச’வே பழையது என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. எழுத்தில் ‘ய’ நிலைத்துவிட்டதால் தேர்வில் உயரம், உயிர் என்றே எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மறுபக்கம் பாருங்கள். பாடப்புத்தகத்திலேயே இருக்கும் சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை. சாவியைத் ‘தொறவுகோல்’ என்கிற பாட்டி தென்மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார். அவரைப் பட்டிக்காடு என்கிறோம். சொல்லின் பிறப்பைப் பார்த்து யாரும் மதிப்பதில்லை. சொல்கிறவரின் உடுப்பையும் உத்தியோகத்தையும் பார்த்துத்தான் மதிக்கிறார்கள்.

சரி, எழுத்துப்பிழைக்கு வருவோம். அப்பத்தா சொல்வதையே பாடமாக்கலாம். “அங்கிட்டு எலை கெடக்கு, எடுத்துக்கிட்டு வெரசா வா.” எழுத்தில்: “அங்கே இலை கிடக்கிறது, எடுத்துக்கொண்டு விரைவாக வா.” எலை, கெடக்கு, வெரசா மூன்றிலும் ஒரே விதி. சொல்லின் முதலில் குறில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த எழுத்து அகரமோ ஐகாரமோ ஏறியதாக வந்தால், பேச்சில் இ எகரமாகும், உ ஒகரமாகும். விலை வெலையாகும், விறகு வெறகு, உடம்பு ஒடம்பு, புகை பொகை, குடை கொடை. கிளி, புளி, துணி மாறாது, ஏனென்றால் அடுத்து வருவது இகரம். நடுவில் ஒற்று வந்தாலும் மாறாது: குட்டை குட்டைதான், அதைக் கொட்டை என்று யாரும் சொல்வதில்லை. மேலே உள்ள ‘எடுத்து’ பிறவியிலேயே எகரம். இது மதுரைக்கு மட்டும் உரியதும் அல்ல; சென்னையிலும் ‘வெலை என்ன’ என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த விதி தெரிந்தால் பாதிப் பிழை போய்விடும். முதலெழுத்து எகரமாகவோ ஒகரமாகவோ காதில் விழுந்து, அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால் மகள் ஒரு நொடி நின்று யோசிக்கட்டும். எடை, செலவு, தொடை போல உண்மையிலேயே அப்படி எழுதும் சொற்களும் உண்டு. அவற்றைப் படித்துப் படித்துத்தான் பழக வேண்டும். ‘-க்கிட்டு’ எழுத்தில் ‘-க்கொண்டு’ அல்லது ‘-கொண்டு’ ஆகும்: எடுத்துக்கொண்டு, வந்துகொண்டு. ‘எம்புட்டு’ என்றால் ‘எவ்வளவு’.

ஒரே ஒரு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்: ழகரம். நம் பக்கம் வாழைப்பழம் ‘வாளப்பளம்’ ஆகிவிடுகிறது. பேச்சில் போகட்டும். ஆனால் காதில் வேறுபாடு விழாத பிள்ளை எழுதும்போதும் குழம்பும். ‘தாத்தா உளவுத் தொழில் செய்தார்’ என்று எழுதினால் விவசாயி ஒற்றராகிவிடுவார். தினமும் செய்தித்தாளில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ழ, ள, ல வரும் சொற்களைப் பென்சிலால் கோடிட்டுவிட்டு வாசித்தால் இன்னும் நல்லது. வாசிக்கும்போது மட்டும் திருத்துங்கள். சாப்பிடும்போதும் விளையாடும்போதும் திருத்தினால் பேசுவதையே குறைத்துக்கொள்வாள்.

கேலிக்கு வகுப்பாசிரியரிடம் நேரில் பேசுங்கள். கரிசல் பேச்சிலேயே எழுதிய கி. ராஜநாராயணன் 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றதையும், அந்த வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்ததையும் வகுப்பில் ஒருநாள் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கதை எழுதச் சொன்னால், பாத்திரங்கள் பேசும் இடத்தில் மேற்கோள் குறிக்குள் ‘அங்கிட்டு’, ‘எம்புட்டு’ வரலாமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். வரலாம் என்பது என் கருத்து. மதிப்பெண் போடுகிறவர் அவர். கடிதம், விண்ணப்பம், தேர்வு விடை இவற்றில் மட்டும் எழுத்து நடை தவிர வேறெதுவும் வேண்டாம்.