அம்மாவின் முகவலி எனக்கும் வருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. சில வருடங்களாக வலது கன்னத்தில் ஷாக் அடிப்பது போல் வலி. பல் வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியும் நிற்கவில்லை. பிறகுதான் ‘ட்ரைஜெமினல் நியூரால்ஜியா’ என்றார்கள். கார்பமசெபின் மாத்திரையைக் கூட்டியதிலிருந்து நடை தள்ளாடுகிறது. டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். தலையைத் திறப்பதா என்று பயமாக இருக்கிறது. பாட்டிக்கும் இப்படித்தான் வலித்ததாம். இது பரம்பரை நோயா? எனக்கும் என் மகளுக்கும் வருமா?
– வாசகி, திருச்சி

பதில்: மகளை நினைத்துக் கலங்காதீர்கள். இந்த வலி வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததில்லை. தலைமுறைகளாக வரும் குடும்பங்கள் உண்டு, ஆனால் அபூர்வம். பாட்டிக்கு வந்தது இதே நோய்தானா என்று இன்று சொல்லவும் முடியாது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: உங்கள் முகத்தில் எப்போதாவது நொடிக்கணக்கில் ஷாக் போல் வெட்டி இழுத்தால், பல்லைப் பிடுங்கும் முன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அம்மா இழந்த இரண்டு பற்களை நினைத்தால் எனக்கே ஆற்றாமையாக இருக்கிறது. இப்படிப் பல்லை இழந்து வருபவர்கள் நிறையப் பேர்.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். பெரும்பாலும் மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய், முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்லும் ட்ரைஜெமினல் நரம்பின் வேரை அழுத்துவதால்தான் இந்த வலி வருகிறது. காதுக்குப் பின்னால் எலும்பில் சிறு துளையிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி அந்தக் குழாயை விலக்கி, இடையில் டெஃப்லான் பஞ்சு வைப்பார்கள். நரம்பை வெட்டுவதில்லை. 1960களில் இம்முறையை வளர்த்தெடுத்தவர் அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜனெட்டா. 1,185 நோயாளிகளைப் பற்றி அவர் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்து ஆண்டுகள் கழித்தும் சுமார் 70 சதவீதம் பேர் மாத்திரையின்றி வலியில்லாமல் இருந்தார்கள். அந்தப் பக்கக் காது கேட்காமல் போவது, மூளைநீர் கசிவு, மிக அபூர்வமாகப் பக்கவாதம் போன்ற ஆபத்துகளும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் பேசும் மருத்துவரே நல்லவர்.

உடல் மயக்க மருந்தைத் தாங்காது என்றால், கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பைச் சூடாக்கும் முறையும், காமா நைஃப் கதிர்வீச்சும் இருக்கின்றன. ஊசி முறையில் முகம் மரத்துப்போகலாம். சில வருடங்களில் வலி திரும்பவும் கூடும். கதிர்வீச்சு பலன் தர வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அம்மா மற்றபடி ஆரோக்கியமாக இருந்து, எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்குழாய் அழுத்துவது தெளிவாகத் தெரிந்தால், நான் ஆபரேஷன் பக்கம்தான் நிற்பேன். 63 ஒன்றும் தடையான வயது இல்லை. இந்த ஆபரேஷனை எத்தனை முறை செய்திருக்கிறார் என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்.

அதற்கு முன்பாக ஓர் அவசர வேலை. அந்தத் தள்ளாட்டம் மாத்திரையின் அளவு கூடியதாலும் இருக்கலாம், ரத்தத்தில் சோடியம் குறைந்ததாலும் இருக்கலாம். நாளைக்கே ரத்தப் பரிசோதனை செய்து, ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.