போகும்போது 8 யூனிட், திரும்பும்போது 19

கேள்வி: கொழும்பில் இருக்கிறோம், புதிதாக எலக்ட்ரிக் கார் எடுத்திருக்கிறோம். ஏப்ரல் லீவுக்கு நுவரெலியா, எல்ல, கதிர்காமம் என்று ஒரு சுற்று வரலாமா, நடுவழியில் நிற்க வேண்டி வருமா?

தாராளமாக வரலாம். நடுவழியில் நின்ற ஆள் நான், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு ஹட்டன் பக்கம். 2022இல் பெற்றோல் ஷெட் வாசலில் இரண்டு ராத்திரி காருக்குள்ளேயே தூங்கி, அப்புறம் கியூஆர் கோட் வந்து, அதிலும் வாரத்துக்கு இத்தனை லீற்றர்தான் என்று அளந்து ஊற்றினார்களே, அந்த வெறுப்பில் அடுத்த வருஷம் ஒரு பழைய நிசான் லீஃப் வாங்கினேன். 2020இலிருந்து இறக்குமதி நிறுத்தியிருந்த காலம், புதுக் கார் என்ற பேச்சே இல்லை. கிடைத்தது 2014 மாடல், ஜப்பானில் ஓடி முடிந்து வந்தது, திரையில் வருவதெல்லாம் இன்றைக்கும் ஜப்பானிய எழுத்துதான். புதிதாக இருந்தபோது 24 யூனிட் பெட்டரி. யூனிட் என்றால் லைட் பில்லில் வருகிற அதே யூனிட், கிலோவாட் மணி என்று சொல்வதும் இதைத்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம். பெட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கோடுகளில் எனக்கு மிச்சம் 9. கைக்கு உண்மையில் வருவது 15 யூனிட் போல. சமதரையில் நிதானமாக ஓட்டினால் 100 கிலோமீற்றர், அவ்வளவுதான்.

இந்தக் காரில்தான் குடும்பத்தோடு கதிர்காமம் கிளம்பினோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார், சின்னவனுக்கு மொட்டை அடிக்கிற வேண்டுதல். முதல் நாள் ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா. அங்கே தெரிந்தவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே மூன்று மணி நேரம் சார்ஜ் போட்டு, ஹக்கலை, வெலிமடை வழியாகப் பண்டாரவளைக்கு மச்சான் வீட்டுக்கு. ராத்திரி முழுக்க அங்கே சார்ஜ். மறுநாள் காலை எல்ல, வெல்லவாய, புத்தள, கதிர்காமம், 90 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். போய் இறங்கிப் பார்த்தால் பெட்டரி பாதிக்குப் பாதி அப்படியே இருக்கிறது! நான் செலவழித்தது வெறும் 8 யூனிட். மாமியாரிடம் பெருமையாகச் சொன்னேன், பெற்றோல் காராக இருந்தால் எவ்வளவு போயிருக்கும் பாருங்கள் என்று. எல்லாம் முருகன் செயல் என்றார்.

திரும்பும்போதுதான் முருகன் கைவிட்டான். அவன் மேல் தப்பில்லை, தப்பு என் கணக்கில்.

நான் நினைத்தது இதுதான்: போக 8 என்றால் வர ஒரு 10 பிடிக்கும், கையில் 15 இருக்கிறது, எதற்கு வழியில் நிறுத்த வேண்டும்? கதிர்காமத்திலிருந்து புத்தள ரோட்டில் யானை நிற்கும் இடங்களில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெதுவாக வந்து (வாகனங்களிடம் பழம் கேட்டே பழகிவிட்ட யானைகள், தயவுசெய்து நீங்கள் ஒன்றும் கொடுத்துப் பழக்காதீர்கள்), வெல்லவாய வந்து பார்த்தால் திரையில் இன்னும் 55 கிலோமீற்றர் போகலாம் என்று காட்டுகிறது. எல்லவுக்கு 27 கிலோமீற்றர், பண்டாரவளைக்கு 40. போதும்தானே என்று டவுனைத் தாண்டி வந்துவிட்டேன்.

ஏற்றம் தொடங்கியதும் அந்த 55 விழ ஆரம்பித்தது. ஒரு கிலோமீற்றர் ஓடினால் மூன்று குறைகிறது. இராவணா நீர்வீழ்ச்சிக்கு வரும்போது எண்ணே இல்லை, மூன்று கோடு மட்டும் மினுங்குகிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து சின்னவன், "அப்பா, ஆமை வந்திருக்கு!" என்றான். ரோட்டில் ஏதோ ஆமை என்று நினைத்து பிரேக்கில் காலை வைத்தேன். ஆமை வந்தது ரோட்டில் இல்லை, டாஷ்போர்டில். லீஃபில் பெட்டரி அடிமட்டத்துக்கு வந்தால் ஆமைப் படம் எரியும், அதற்குமேல் கார் ஆமை மாதிரிதான் போகும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

"வேண்டுதல் முடிச்ச கையோட இப்படி நிக்கிறோமே மாப்பிள்ளை" என்றார் மாமியார். பதில் இல்லை.

நல்ல காலம், அடுத்த வளைவிலேயே ஒரு சோளக்கடை. நடக்கிற வேகத்தில் ஊர்ந்துபோய் அதன் பக்கத்தில் நிறுத்தினேன். கடை வைத்திருந்தது வயதான ஒரு சிங்கள அம்மா. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னதும், "பரவாயில்லை புதா" என்று குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதைக் கொடுத்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். அவித்த சோளம், ரொட்டி, லுணுமிரிஸ், பிளேன்டீ. ஆறு யூனிட் ஏறியதும் கிளம்பினோம். கரண்டுக்குக் காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார், அதனால் கடையில் இருந்த சோளத்தில் பாதியை வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போன அதே ரோடு, அதே தூரம், அதே ஆட்கள். போக 8 யூனிட், வர 19 வேண்டும். அந்தப் 19ஐ என் 15க்குள் எப்படியும் அடக்க முடியாது, வெல்லவாயவில் நிறுத்திக் கொஞ்சம் ஏற்றியிருக்க வேண்டும்.

கணக்கு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. என் கார் ஆட்களோடும் மூட்டைகளோடும் 1850 கிலோ வரும். அதை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்க அரை யூனிட், மோட்டரிலும் மற்றதிலும் வீணாவதையும் சேர்த்தால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். தூரத்துக்கு ஆகிற செலவு தனி, இது அதற்கு மேலே. வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர், எல்ல 1040, பண்டாரவளை 1230. ஆக உயரத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 6 யூனிட். திரையில் காட்டுகிற கிலோமீற்றருக்கு இதெல்லாம் தெரியாது, அது கடைசியாக ஓடிய ரோட்டை வைத்து ஊகிக்கிறது, கடைசியாக ஓடியதோ கதிர்காமத்துச் சமதரை.

இறக்கத்தில் போட்டதெல்லாம் திரும்பி வருமா என்றால் வராது. மோட்டரே டைனமோ மாதிரி வேலை செய்து பெட்டரிக்கு அனுப்பும், உண்மைதான், ஆனால் ஏற்றத்தில் கொடுத்ததில் என் அனுபவத்தில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டுக்குள். தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் செய்வதும் இதைத்தானே, மேலே இருக்கிற தண்ணீரைக் கீழே விழவிட்டுக் கரண்ட் எடுக்கிறார்கள். (அதற்காக சென் கிளயர் அருவி இளைத்துப் போனது வேறு கதை, அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒருவராவது அதைச் சொல்லிப் புலம்புவோம்.)

இறக்கத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, மேலே வீடு இருக்கிற எங்களுக்கே இது லேட்டாகத்தான் புரிந்தது. நூறு வீதம் நிரப்பிக்கொண்டு மேலிருந்து இறங்காதீர்கள். பெட்டரியில் இடமே இல்லை என்றால் வருகிற கரண்டை எங்கே போடுவது? மோட்டர் டைனமோவாகும்போது காரை இழுத்துப் பிடிக்கிற அந்தப் பிடியைக் கார் குறைத்துவிடும், முழுப் பாரமும் சாதாரண பிரேக்குக்கு வரும். ஒரு தடவை நுவரெலியாவில் நிரப்பிக்கொண்டு இறம்பொடைப் பக்கமாகக் கம்பளைக்கு இறங்கினேன், லபுக்கலை தாண்டும்போதே பிரேக் கருகுகிற வாசனை. இப்போது மேலிருந்து கிளம்புவதென்றால் 85, 90இல் நிறுத்திவிடுவேன். கியரை B-யில் (மோட்டரின் பிடியைக் கூட்டுகிற கியர், நிறுத்தி வைக்கிற P இல்லை) போட்டால் கால் பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை, கொண்டை ஊசி வளைவில்கூட.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகு வந்த கார்களில் 50, 60 யூனிட் இருக்கும், உங்களுடையதும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். என்னுடையதைவிட மூன்று நான்கு மடங்கு. கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக நுவரெலியா 175 கிலோமீற்றர் போல. தூரத்துக்கு 26 யூனிட், 1868 மீற்றர் உயரத்துக்கு இன்னொரு 12, ஏசி, கொழும்பு ட்ராபிக் எல்லாம் சேர்த்து 40. உங்கள் கார் 60 என்றால் நிம்மதியாக வருவீர்கள். 50 என்றால் கினிகத்தேனை ஏற்றத்துக்கு முன் எங்காவது சாப்பிடுகிற சாக்கில் ஒரு அரை மணி நேரம் சார்ஜ் போட்டுவிடுவது மனசுக்கு நல்லது. நுவரெலியாவிலிருந்து கதிர்காமம் வரை கிட்டத்தட்ட எல்லாம் இறக்கம், கவலையே இல்லை. கதிர்காமத்திலிருந்து கொழும்புக்குத் தெற்குப் பக்கம், அதிவேகப் பாதையில் போவதாக இருந்தால் ஏற்றம் கிடையாது, ஆனால் அங்கே 100இல் விட்டால் காற்றே பெட்டரியைக் குடித்துவிடும், 80இல் போங்கள்.

சார்ஜ் போடும் இடங்கள் இப்போது கூடிவிட்டன, ஆனாலும் மேப்பில் இருப்பதை நம்பி மட்டும் வராதீர்கள். முதல்நாளே போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு வேலை செய்கிறதா, எந்த வாய் (காரில் மாட்டுகிற பிளக் எந்த வகை)? என் ஜப்பான் லீஃபுக்கு சாடெமோ, இப்போது வருகிற பல கார்களுக்கு சிசிஎஸ் 2. ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து, என் முறை வந்தபோதுதான் சாடெமோ வயர் பழுது என்றார்கள். வாசலில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தால் போதும், ஒட்டவில்லை.

தங்கும் இடத்தில் ராத்திரி போட்டுக்கொள்ளலாம் என்றால் புக் பண்ணும்போதே கேளுங்கள். 13 அம்பியர் சதுரப் பிளக்கில் மணிக்கு இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஏறும், பத்து மணி நேரம் தூங்கினால் 20 யூனிட். கதிர்காமத்தில் நாங்கள் தங்கிய இடத்தில் முதலில் சரி என்றுவிட்டு, வயரை இழுத்ததும் லைட் பில் யார் கட்டுவது என்று சண்டைக்கு வந்தார்கள். முன்னாலேயே பேசி ஒரு தொகை முடிவு செய்திருந்தால் அந்தச் சங்கடம் இல்லை. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் வேண்டவே வேண்டாம், சுருட்டி வைத்த நிலையில் சூடாகி உருகிய ஒன்றை ஞாபகத்துக்காக வைத்திருக்கிறேன். பழைய கட்டடம் என்றால் அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை சுட்டால் கழற்றிவிடுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டி நாடே இருண்டதே, அப்படி ஒன்று நடந்தால் நீங்களும் நானும் பெற்றோல்காரரும் ஒன்றுதான், ஷெட்டில் பம்ப் ஓடவும் கரண்ட் வேண்டும்.

மழைக்காலம் என்றால் கூடுதலாக ஐந்து, ஆறு யூனிட் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். எல்ல, வெல்லவாய ரோட்டில் கல் விழுந்து மூடிவிட்டால் வெல்லவாயவிலிருந்து மேலே வர மாற்றுப் பாதை கொஸ்லந்தை, பெரகலை, ஹப்புத்தளை. ஹப்புத்தளை 1430 மீற்றர், ஏற்றம் இன்னும் கூட. 2014 அக்டோபர் 29இல் மண்ணுக்குள் போன மீரியபெத்த அந்தப் பக்கம்தான். மழை கொட்டும்போது மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த ரோட்டில் ஏறாதீர்கள், பெட்டரி எவ்வளவு இருந்தாலும் சரி.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் வாகனம் நகராது, அது உங்களுக்குப் பிரச்சினை இல்லை, நிற்கும்போது இந்தக் கார் ஒன்றும் பெரிதாகக் குடிக்காது, அந்தக் குளிரில் ஏசியும் வேண்டாம். சார்ஜருக்குத்தான் கியூ வரும், விடியக் காலையில் போய்விடுங்கள்.

அந்தச் சோளக்கடை இப்போதும் இருக்கிறது, எல்ல பக்கமிருந்து இறங்கினால் நீர்வீழ்ச்சிக்குக் கொஞ்சம் முன்னால், இடது கைப் பக்கம். பிளக் கேட்பதற்கு முன்னால் சோளம் வாங்குங்கள்.