நுகர்வோர் கேள்வி-பதில்: நைட் பேக் முடிந்த பிறகும் ஓடும் மீட்டர்

டோக்கியோவில் கடைசி ரயிலை விட்டுவிட்டு, இரவைக் கழிக்க, மணிக்கணக்கில் கணினியும் இருக்கையும் வாடகைக்குத் தரும் நெட் கஃபேக்குப் போனேன். பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுத்தார்கள். கொடுத்தது தவறா? – கோவை வாசகர்

கொடுத்தது சரிதான். டோக்கியோவில் 2010 ஜூலை 1 முதல் வாடிக்கையாளர் யாரென்று சரிபார்ப்பது நெட் கஃபேக்களின் சட்டக் கடமை. சுற்றுலா வந்தவர் அங்கே காட்ட வேண்டியது பாஸ்போர்ட். வேலைக்கோ படிப்புக்கோ தங்கியிருப்பவர் ரெசிடென்ஸ் கார்டைக் காட்டலாம். சுற்றுலாப் பயணி பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டம். அதை ஓட்டலில் பூட்டி வைத்துவிட்டு, மொபைலில் எடுத்த படத்தைக் காட்டி உள்ளே விடச் சொல்லாதீர்கள்.

நெட் கஃபேயில் ஆறு மணி நேர நைட் பேக் (இரவுக்கான மொத்தக் கட்டணம்) 1,800 யென் என்று போட்டிருந்தது. வெளியே வரும்போது 3,230 யென் வாங்கினார்கள். ஏமாற்றுதானே? – மதுரை வாசகர்

எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள் என்று எழுதவில்லை. பேக் முடிந்த பிறகு 10 நிமிடத்துக்கு 110 யென் என்று வைத்தால், கூடுதலான 1,430 யென் என்பது 13 முறை. அதாவது 2 மணி 10 நிமிடம் அதிகமாகத் தூங்கியிருக்கிறீர்கள். இரவு 11 மணிக்கு நுழைந்திருந்தால் பேக் காலை 5 மணிக்கே முடிந்துவிட்டது.

இது ஏமாற்று இல்லை. ஆனால் வெளியூர்க்காரர்களை அதிகம் கடிக்கும் இடம் இதுதான், எனக்குத் தீராத கோபமும் இதன் மேல்தான். பேக் விலை பெரிய எழுத்தில் இருக்கும். ‘என்சோ’ என்னும் நீட்டிப்புக் கட்டணம் கீழே பொடி எழுத்தில், ஜப்பானிய மொழியில் இருக்கும். நேரம் முடிந்ததென்று யாரும் வந்து எழுப்பமாட்டார்கள். கடிகாரம் ஓடத் தொடங்குவது நீங்கள் படுத்தபோது அல்ல, கவுன்ட்டரில் பதிந்தபோது. நிற்பதும் அங்கே கணக்கு முடித்த பிறகுதான். குளியலறைக்குக் காத்திருந்த நேரமும் காலை வரிசையில் நின்ற நேரமும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

நுழையும்போதே மூன்றைக் கேளுங்கள்: பேக் எத்தனை மணிக்கு முடியும்? அதற்குப் பிறகு எத்தனை நிமிடத்துக்கு எவ்வளவு? நேரம் கூடினால் அடுத்த பேக்குக்குத் தானாக மாறுமா? சில கடைகளில் கணினியே மலிவான பேக்குக்கு மாற்றிவிடும். சிலவற்றில் முதலில் சொன்னதுதான். வெள்ளி, சனி இரவுகளில் விலை ஏறும். 15 நிமிடம் முன்னதாக மொபைலை அதிர்வில் வைத்து எழுந்திருங்கள். பெரும்பாலும் காலை 5 மணியை ஒட்டி முதல் ரயில் வந்துவிடும்.

எந்த சீட் எடுப்பது? – சிங்கப்பூர் வாசகி

தூங்கப் போகிறீர்கள் என்றால் ஃபிளாட் சீட். செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தைத் தரையில் காலை நீட்டலாம். கொஞ்சம் யென் மிச்சம் பிடிக்க ரிக்ளைனிங் சீட் வாங்கி முதுகைக் கெடுத்துக்கொண்ட தவறு என்னுடையதும்தான். சாதாரணத் தடுப்புகள் கூரை வரை போகாது, பக்கத்துக் குறட்டை அப்படியே கேட்கும், காதடைப்பான் எடுத்துப்போங்கள். தனியாகப் போகும் பெண்களுக்கு, கூடுதல் விலையானாலும் பூட்டுள்ள அறையையே சொல்வேன். சில கிளைகளில் பெண்களுக்கான தனிப் பகுதி உண்டு, கேளுங்கள்.

15 வயது மகனோடு இரவு தங்கலாமா? – சென்னை வாசகர்

முடியாது. டோக்கியோவில் இரவு 11 முதல் காலை 4 வரை 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை, பெற்றோர் உடனிருந்தாலும்.

பெரிய சூட்கேஸ் இரண்டு உண்டு. ஸ்டேஷன் லாக்கரில் போடலாமா? – திருச்சி வாசகர்

போடலாம், நேரம் பார்த்து. பல லாக்கர்களில் நள்ளிரவு தாண்டினால் இன்னொரு நாள் வாடகை ஏறும். கடைசி ரயிலோடு ஸ்டேஷனைப் பூட்டிவிட்டால் காலை வரை பெட்டியைத் தொட முடியாது. பாஸ்போர்ட், மருந்து, சார்ஜரைக் கையில் வையுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். பிளக்கில் இரண்டு தட்டைக் கால். நம் ஊர் உருண்டைக் கால் பிளக் நுழையாது.

கஃபே கணினியில் நெட் பேங்கிங் திறக்கலாமா? – சேலம் வாசகர்

கூடாது. டோக்கியோ நெட் கஃபேக்களில் விசைத்தட்டுப் பதிவு மென்பொருளை ஒளித்து வைத்துப் பிறர் கணக்கிலிருந்து பணம் திருடியவர்கள் 2003-லேயே பிடிபட்டார்கள். உங்கள் மொபைலையே பயன்படுத்துங்கள்.

சென்னை ஏஜென்ட் ‘டோக்கியோ தனியறை, ஒரு இரவு 6,500 ரூபாய்’ என்று முன்பணம் வாங்கினார். போய்ப் பார்த்தால் நெட் கஃபே. கவுன்ட்டரில் 2,400 யென். – தாம்பரம் வாசகி

உங்கள் மேல் தவறே இல்லை. அறை என்று சொல்லி நாற்காலிக் கடையை விற்றிருக்கிறார். நெட் கஃபே தங்கும் விடுதி அல்ல. கஃபே ரசீது, ஏஜென்டின் விளம்பரம், பணம் கட்டிய பதிவு, வாட்ஸப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சிறிய தொகை என்று விட்டுவிடாதீர்கள்.

ஜப்பான் கஃபே கணினியில் ‘அட்’ (@) குறியை எப்படித் தட்டுவது? – யாழ்ப்பாண வாசகர்

‘P’ எழுத்துக்கு வலப்பக்க விசை, ஷிஃப்ட் வேண்டாம். ஜப்பானிய எழுத்தாக விழுந்தால் 1-க்கு இடப்பக்க விசையை ஒருமுறை அழுத்துங்கள்.