பள்ளம் தோண்டிய கிட்டார் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாலினின் ஜாஸ்-ராக் குழுவான மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா மீது பைத்தியம். அவர்களுடைய 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பம் கேட்டுப் பழகிய காதுக்கு, அவர் பிறகு இந்தியக் கலைஞர்களோடு தொடங்கிய 'சக்தி' குழு சப்பென்று இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் ஜான் மெக்லாலின் சாதுவாகிவிட்டார் என்றே நினைக்கிறேன். உங்களுக்குப் பிடித்த ஃபியூஷன் கிட்டாரிஸ்டுகள் யார் யார்?

ரவி

அன்புள்ள ரவி,

சாதுவா? 1976இல் லண்டனில் பதிவான சக்தியின் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' ஆல்பத்தை எடுங்கள். கொன்னக்கோலில் (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) தொடங்கும் அந்த முதல் உருப்படியில் கிட்டாரும் எல். சங்கரின் வயலினும் மல்லுக்கு நிற்பதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். மகாவிஷ்ணுவில் பில்லி காபமின் டிரம்ஸ் நெஞ்சில் வந்து மோதுமே, அது சக்தியில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மெக்லாலின் அங்கே வேகத்தைக் குறைக்கவில்லை, வாத்தியத்தையே மாற்றினார். எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். வீணையில் மெட்டு, அதாவது ஃப்ரெட், உயரம். தந்தியை இழுத்தால் விரல் கட்டையில் உரசாது. கிட்டாரில் உரசும். ஆகவே ஆபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்காக ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் கரண்டிக்குழி போலக் குடைந்தார். விரலுக்கு அடியில் தந்தி மட்டும்தான், ஸ்வரத்தை வளைத்து அசைக்கும் கமகம் வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே சாய்வாக ஏழு சுருதித் தந்திகள் வேறு.

ஒரு காலத்தில் ஆசைப்பட்டு என் பழைய கிட்டாரை ஒரு தச்சரிடம் கொடுத்து இதேபோல் குடையச் சொன்னேன். அவர் ஒழுங்காகத்தான் செய்தார். எனக்குத்தான் அழுத்திப் பிடிக்கும் பழக்கம். பள்ளத்தில் தந்தி கூடுதலாக அமுங்க, பல தந்திகளைச் சேர்த்துப் பிடித்த கார்டெல்லாம் சுருதி ஏறி அழுதது. அன்றைக்குத்தான் மெக்லாலினின் இடதுகை எவ்வளவு லேசானது என்று புரிந்தது. 'டூ சிஸ்டர்ஸ்' என்ற மெதுவான உருப்படியை அந்தக் கையை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

மற்றவர்களில் எனக்கு முதலில் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த். சாக்ஸபோன் வாசிக்க ஆசைப்பட்டுக் கையில் கிட்டார் கிடைத்தவர். அதனால்தானோ என்னவோ, ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு வில்லையால்) தட்டாமல் ஊதுவதுபோல் இழைத்துக்கொண்டே போவார். 'மெட்டல் ஃபடீக்' (1985) ஆல்பத்தில் தொடங்கலாம். பாட் மெதினியின் 'பிரைட் சைஸ் லைஃப்' (1976) ஜாக்கோ பாஸ்டோரியஸின் பேஸ் கிட்டாருக்காகவே கேட்க வேண்டியது. ஆல் டி மியோலா எனக்கு இரண்டு பாட்டுக்கு மேல் தாங்காது, அடிக்க வராதீர்கள்.

கடைசியாக ஷான் லேன். மெம்ஃபிஸ்காரர், 2003இல் போய்விட்டார். வேகம்தான் வேண்டும் என்கிற உங்களுக்கு இவர் சரி. ஜோனாஸ் ஹெல்போர்கின் பேஸ், வி. செல்வகணேஷின் கஞ்சிராவுடன் 'குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஆஃப் ஈவில்' (2000) ஆல்பத்தில் இருக்கிறார். செல்வகணேஷ் யார் என்று தெரியுமல்லவா? நீங்கள் சப்பென்று சொன்ன அதே சக்தியில் கடம் வாசித்த விக்கு விநாயக்ராமின் மகன்.

மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். கஞ்சிராவின் கனமான கீழ்ச்சத்தம் பாதி காணாமல் போய்விடும்.